தேவசிநேகம் முதல் இறையன்பு வரை

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் டத்தோ கிராமாட் என்றொரு சாலை உண்டு. அதனைச் சூழ்ந்த வட்டாரமும் அப்பெயராலேயே வழங்குகிறது. ‘டத்தோ’ என்னும் மலாய்ச் சொல் பாட்டனாரையும் மதிப்பிற்குரிய மூத்தோரையும் குறிக்கும். ‘கிராமாட்’ என்பது அரபு மொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. இறையருள் பெற்ற தூயோரையும் அவர் அடங்கிய இடத்தையும் அது சுட்டும். வண்டிகளும் மக்களும் ஓயாது செல்லும் தெரு ஒன்றின் பெயரே, இறைவனின் அருள் மனிதர்மீது இறங்கித் தங்கும் என்னும் நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது.

அச்சாலை தொடங்கும் சந்தியை நோக்கி வந்து முடிவது பினாங்கு சாலை. அதில் தூய பிரான்சிசு சவேரியார் ஆலயம் அமைந்துள்ளது. 1857ஆம் ஆண்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென நிறுவப்பட்ட ஆலயம் அது. கடல் கடந்து வந்த தமிழர் தம் மூட்டைகளோடு செபங்களையும் கொணர்ந்தனர். பழைய கத்தோலிக்கத் தமிழ்ச் செபநூல்களில் மூன்று தேவ புண்ணியங்கள் பேசப்படும்: விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். இன்று அதே ஆலயங்களில் ‘தேவசிநேகம்’ என்னும் சொல் அருகிவிட்டது. ‘இறையன்பு’ என்பதே வழங்குகிறது. வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்தது என்று மட்டும் கூறி இம்மாற்றத்தைக் கடந்துவிடலாகாது. ஒரு சமூகம் தன் கடவுளின் அன்பை எவ்வாறு படிப்படியாக உணர்ந்தது என்பதும், உணர்ந்ததை வாழ்வில் எங்கே காட்டியது, எங்கே காட்டத் தவறியது என்பதும் அச்சொல் மாற்றத்தினுள் அடங்கியுள்ளன.

அன்பும் அருளும்

தமிழர்க்கு அன்பு புதிய சொல்லன்று. அகத்திணையின் நடுவாய ஒழுக்கத்தை ‘அன்பின் ஐந்திணை’ என்றே இலக்கண நூலார் வழங்கினர். திருவள்ளுவர் இல்லறவியலில் அன்புடைமையையும் துறவறவியலில் அருளுடைமையையும் வைத்தார். அன்பைத் தாயாகவும் அருளை அவள் பெற்ற மகவாகவும் காட்டி, அம்மகவை வளர்க்கும் செவிலியாகப் பொருளைக் கூறியதும் அவரே. தொடர்புடையாரிடம் செல்லும் உள்ள நெகிழ்ச்சி அன்பு. அது முதிர்ந்து தொடர்பில்லாரிடமும் செல்வது அருள் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். பின்னர் வந்த நாயன்மார்களும் ஆழ்வார்களும் அவ்வன்பை இறைவன்பால் திருப்பினர். அன்பையும் சிவத்தையும் இரண்டெனக் கருதுவோர் அறிவிலார் என்று திருமூலர் துணிந்துரைத்தார்.

கிறித்தவ மறை இவ்வுறவை மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. கடவுளின் இயல்பே அன்பு என்றும், மனிதர் அவரை அன்பு செய்வதற்கு முன்னரே அவர் மனிதரை அன்பு செய்தார் என்றும் யோவானின் முதல் திருமுகம் கூறுகிறது. கண்ணாற் கண்ட சகோதரனை அன்பு செய்யாதவன் காணாத கடவுளை அன்பு செய்ய இயலாது என்பதும் அத்திருமுகத்தின் முடிவு. எபேசியருக்கு எழுதிய பவுலடிகளோ, அறிவுக்கு எட்டாத அவ்வன்பின் அகல நீள உயர ஆழங்களை அவர்கள் அறிந்து வளரவேண்டும் என வேண்டினார். அறிவைக் கடந்ததை அறிக என்பது முரண்போலத் தோன்றும். ஒரே நாளில் கற்று முடிக்கும் பாடமன்று அது. வாழ்ந்து வாழ்ந்து விரியும் அறிவு என்பதே அதன் உட்பொருள்.

வள்ளுவத்தில் அன்பு ஈன்றது அருள். கிறித்தவத்தில் இறைவனின் அருள் மனிதனின் அன்பை ஈனுகிறது. அவ்வன்பு மீண்டும் பிறர்பால் அருளாகப் பிறக்கவேண்டும். இவ்விரு கூற்றுகளும் சந்தித்த இடமே தமிழ்க் கிறித்தவம். அச்சந்திப்பு நிறைவெய்த நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

கடற்கரையில் தொடக்கம்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவம் தழுவினர். கடலில் தம் தொழிலுக்கு இடையூறு செய்தோரிடமிருந்து போர்த்துக்கீசியர் பாதுகாப்பளிப்பர் என்னும் நம்பிக்கையே அதற்கு உடனடிக் காரணம். ஆகவே தொடக்கத்தில் அவர்கள் அறிந்தது காவல் தரும் கடவுளையே. 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழ் அறியாத நிலையில், இருமொழி அறிந்த உள்ளூரார் துணையோடு அடிப்படைச் செபங்களைத் தமிழில் ஆக்குவித்து மனப்பாடம் செய்தார். சிறுவர் அவரிடம் கற்றுத் தம் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பித்தனர். 1545இல் அவர் மலாக்காவுக்குப் பயணமானார். தமிழகக் கடற்கரையையும் மலாய்த் தீவக்கற்பத்தையும் தம் அடிச்சுவட்டால் இணைத்த அவர் பெயரே, பின்னாளில் பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஆலயத்துக்கு அமைந்தது.

சவேரியாருக்குப் பின் அக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழறிஞர் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்த நூல். இந்திய மொழியொன்றில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என அது போற்றப்படுகிறது. போர்த்துக்கீசிய மறைக்கல்வி ஏட்டின் தமிழாக்கமே அச்சிறு நூல். ஆயினும் பெயரை நோக்குக. ‘தம்பிரான்’ என்பது தமிழர் தம் இறைவனையும் தலைவனையும் அழைத்த சொல். அயலாரின் காவலனாக அறிமுகமான கடவுள், தமிழரின் தம்பிரான் ஆயினார். அடிகளார் சொல்லோடு நிற்கவில்லை. புன்னைக்காயலில் நோயுற்ற ஏழையர்க்கு மருத்துவமனையும் அமைத்தார். அச்சகமும் மருத்துவமனையும் ஒருவரது உழைப்பில் அருகருகே தோன்றியது, இவ்வரலாறு முழுவதற்கும் அளவுகோலாகத் தக்கது.

வீட்டுக்குள் வந்த காவியம்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் துறவியாக வாழ்ந்தார். போர்த்துக்கீசியச் சொற்களை ஒலிபெயர்த்து வழங்கும் முறையை விட்டுத் தமிழும் வடமொழியும் தந்த சொற்களால் மறையுண்மைகளை விளக்கினார். தம் பழக்கங்களைக் கைவிட்டு மற்றொரு மக்களின் உணவையும் உடையையும் மொழியையும் மேற்கொள்வது அன்பின் செயலே என்பதில் ஐயமில்லை. எனினும், உயர்குலத்தாரை அணுகும் பொருட்டு அவர் கடற்கரைக் கிறித்தவரோடு கலவாமல் விலகி வாழ்ந்தார். ஒரு சாராரை நெருங்குதற்கு மற்றொரு சாராரை விலக்கிய இம்முறை, பின்னாளில் பெரும் சிக்கலாக வளர்ந்த ஒன்றின் வித்து எனலாம்.

நொபிலி மறையைத் தத்துவமாக விளக்கினார்; இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் அதனைக் காவியமாக்கினார். 1726இல் நிறைவுற்ற ‘தேம்பாவணி’ 3 காண்டங்களும் 36 படலங்களும் கொண்டது. அதன் தலைவன் மன்னனல்லன். வளன் என்னும் பெயர் பெற்ற சூசை என்னும் தச்சன். போர் வென்ற வீரனைத் தலைவனாக்கும் காப்பிய மரபில், உழைத்து உண்டு மனைவியையும் குழந்தையையும் பேணிய ஒரு தொழிலாளியை முனிவர் அரியணை ஏற்றினார். கடவுள் குழந்தையாய் ஓர் எளிய வீட்டில் வளர்ந்தார் என்பதன் நயத்தை, பிள்ளைத்தமிழ் கேட்டுப் பழகிய தமிழுள்ளம் எளிதில் உணர்ந்தது. இறையன்பு இப்போது காவலாக மட்டும் தோன்றவில்லை. தாலாட்டத் தக்க அளவு அருகில் வந்தது. ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பிய ஆலயம் அடைக்கல அன்னையின் பெயரைத் தாங்கியதும் கருதத்தக்கது. ‘அடைக்கலம்’ கண்ணகி கதையிலிருந்து தமிழர் நெஞ்சில் பதிந்த சொல். தன்னிடம் வந்தாரைக் காப்பதற்கு உயிரையும் தரும் மாதரியின் பண்பு அதில் அடங்கியுள்ளது.

பாடிய நாவும் பிரிந்த பந்தியும்

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதோடு சீர்திருத்தச் சபையினரின் பணி தமிழ் மண்ணில் தொடங்கிற்று. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் முற்றாக அச்சானது. பின்வந்த பப்ரிசியசு செருமானியப் பாடல்கள் பலவற்றை ‘ஞானப்பாட்டு’களாகத் தமிழில் தந்தார். மெட்டுகள் செருமானியம், சொற்கள் தமிழ். உருக்கமான பொருள் இருந்தும், அவை தமிழ்ப் பண்ணில் ஒலிக்கவில்லை.

அக்குறையை நிறைவு செய்தவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்து வந்து கற்பித்தார். சரபோசி மன்னர் அவருக்கு இளமைத் தோழர். 1800இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில், குற்றாலத்திற் குடிகொண்ட குறவஞ்சி இலக்கியம் பெத்லகேமுக்குக் குடியேறிற்று. தலைவனைக் கண்டு மையலுறும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடிவரும் சிங்கன் என்னும் அமைப்பு அப்படியே நிற்க, தலைவன் கிறித்துவாகவும் தலைவி அவர்பால் அன்புற்ற திருச்சபையாகவும் மாறினர். தேவசிநேகம் என்று செபநூல் கற்பித்ததை, காதலாகி உருகும் பாவனையில் மக்கள் பாடினர். நாயகன் நாயகி பாவம் என ஆழ்வார்கள் வளர்த்த நெறி, கிறித்தவருக்கும் உரிமையாயிற்று. இன்றளவும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கும் கீர்த்தனை மரபுக்கு அவரே பெருந்தூண்.

இங்கே வரலாறு ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. தஞ்சை, தரங்கம்பாடிச் சபைகளில் வேளாளர் ஓரிடத்திலும் ஒடுக்கப்பட்டோர் வேறிடத்திலும் அமர்ந்தனர். கிறித்துவின் ஒரே உடலில் பங்குபெறும் திருவிருந்திலும் குலமுறை காத்தனர். 1820களில் வந்த புதிய குருமார் இப்பிரிவினையை ஒழிக்க முனைந்தபோது, வேளாளரான சாத்திரியார் அதனை எதிர்த்தார். 1829இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்னும் பெயரிலேயே நூலெழுதினார். குலம் உலக வழக்கேயன்றிச் சமய வழக்கன்று என்பதும், ஐரோப்பியரிடையேயும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதும் அவர் பக்க நியாயங்கள். அதே குருமார் தமிழிசைப் பாடல்களையும் வழிபாட்டிலிருந்து விலக்க முற்பட்டதாக அவர் முறையிட்டார். தம் இசையும் தம் வழக்கமும் ஒருங்கே பறிபோகின்றன என்னும் வேதனை அவரிடம் இருந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்படல் வேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையில் பலர் வெளியேறினர்.

சாத்திரியாரின் பாடற்பெருமையைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியை மறைத்துவிடுவது உண்டு. இதனைக் கூறுவோர் அவர் பாடல்களைப் புறக்கணிப்பதும் உண்டு. இரண்டும் வரலாற்றுக்கு நேர்மையாகா. தமிழிசையைக் காத்த கவிஞர் சமபந்தியை மறுத்தார். சமபந்தியைக் கேட்ட குருமார் தமிழிசையின் அருமையை அறியாதிருந்தனர். இருசாராரும் இறையன்பின் ஒரு பாதியையே கண்டனர். இறைவனை நாயகனாகக் கொண்டு உருகிப் பாடிய நாவு, அதே நாயகன் அழைத்த மற்றொருவரைத் தன்னருகில் அமர்த்த மறுக்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. உணர்ச்சி மிகுதி ஒன்றே அன்பை அறிந்ததற்குச் சான்றாகாது. காணும் சகோதரனைப் பற்றி யோவான் விடுத்த எச்சரிக்கை, தஞ்சையில் சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று.

பயணமும் பஞ்சமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இருவரை ஈந்தது. ஒருவர் ஹென்றி ஆல்பிரட் கிருட்டிணபிள்ளை. 1827இல் நெல்லைக்கருகே கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்து, கம்பனிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் தோய்ந்தவர் அவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டு 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கிலேயரான சான் பனியன் எழுதி 1678இல் வெளியான ‘மோட்சப் பயணம்’ என்னும் உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாயிற்று. 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது அது.

பனியனின் கதையில் பாவச்சுமை தாங்கிய பயணி சிலுவையடியில் சுமை நீங்குவது சில வரிகளில் முடிந்துவிடும். கிருட்டிணபிள்ளையோ அவ்விடத்தில் நின்றுவிட்டார். கிறித்துவின் பாடுகளைத் தம் காவியத்தில் விரித்துப் பாடினார்; இடையிடையே ‘தேவாரம்’ என்னும் தலைப்பிலேயே உருக்கமான பதிகங்களை அமைத்தார். பனியனை ஆட்கொண்டது சுமையின் அச்சமும் விடுதலையும் என்றால், கிருட்டிணபிள்ளையை ஆட்கொண்டது தன்பொருட்டு ஒருவர் துன்புற்றார் என்னும் நன்றியுணர்வு. அடியார்க்கு எளியனாய் இறங்கிவரும் இறைவனை ஆழ்வார்களிடம் கற்ற உள்ளம், அவ்வெளிமையின் எல்லையைச் சிலுவையிற் கண்டது. சமயம் மாறியபோதும் அவர் தம் பழைய தமிழைத் துறக்கவில்லை. அதுவே புதிய அன்பை அறியும் கண்ணாயிற்று. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பெயர் அவர் நடைக்கு மட்டுமன்றி இந்நன்றியுணர்வுக்கும் பொருந்தும்.

மற்றவர் மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கரான அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை இயற்றியவர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தந்து தமிழ் நாவலுக்குக் கால்கோள் செய்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில், அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருட்டிண பாரதியார், அவ்வீகையைக் கண்டு வியந்து அவர்மீது பாடலொன்று புனைந்தார். சைவர் ஒருவர் கிறித்தவர் ஒருவரின் அறத்தைப் பாடியது தமிழிசை வரலாற்றின் அரிய நிகழ்ச்சி. ஆலயத்துள் அனுமதி மறுக்கப்பட்ட நந்தனுக்காகப் பாடிய அதே நாவு, பசித்தோர்க்கு வாயிலைத் திறந்த வேதநாயகரையும் பாடிற்று. அருள் என்னும் மகவுக்குப் பொருள் செவிலியாதல் வேண்டும் என்னும் வள்ளுவர் கருத்துக்கு மாயூரத்துக் கஞ்சித் தொட்டி உரை எழுதியது.

அன்புநெறிக்கு இறையியல்

பாடலாகவும் ஈகையாகவும் வளர்ந்த உணர்வைச் சிந்தனையாக வகுத்தவர் ஆயர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையிற் பிறந்த அவர், சைவத்திலிருந்து கிறித்தவம் தழுவிய தந்தையின் மகன். அமெரிக்காவின் ஆர்வர்டிலும் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டிலும் பயின்று, யோவான் நற்செய்தியை இந்திய பக்தி நெறியோடு ஒப்பிட்டு ஆய்ந்தார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவர் நூல் 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வீடுபேறு என்பது ஆன்மா இறைவனுள் கரைந்து இல்லாமற் போவதன்று. கொடியில் கிளை நிலைத்திருப்பதுபோல் அன்பில் நிலைத்திருப்பது என்பது அவர் துணிபு. ஆகவே, சங்கரரின் அத்துவிதத்தைவிட இராமானுசரின் நெறி அவருக்கு அணுக்கமாயிற்று. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவை ஆயரான அவர், கிருட்டிணபிள்ளையின் வாழ்வையும் கவிதையையும் பற்றி 1966இல் தனி நூல் எழுதினார். கவிஞர் உணர்ந்து பாடியதை ஆயர் ஆராய்ந்து நிறுவினார் என்பது இவ்விருவரின் தொடர்பு.

அவர் காலத்திலேயே, 1921இல், திருப்பத்தூரில் கிறித்துகுல ஆசிரமம் தோன்றிற்று. அதனை நிறுவியோர் இருவர். தமிழரான மருத்துவர் சேசுதாசன், ஸ்காட்லாந்தினரான மருத்துவர் பேட்டன். வெள்ளையர் ஆண்ட அந்நாளில் தமிழர் ‘பெரியண்ணன்’ எனவும் வெள்ளையர் ‘சின்னண்ணன்’ எனவும் அங்கே அழைக்கப்பட்டனர். அரசியல் கூற மறுத்த உறவை இரண்டு முறைப்பெயர்கள் கூறின. ஏழையர்க்கு மருத்துவம் பார்த்து, எளிய வாழ்வு நடத்தி, தமிழ்க் கோயிற்கலை வடிவில் வழிபாட்டிடம் எழுப்பினர். தஞ்சையில் பிரிந்து நின்ற இரு பாதிகளாகிய தமிழ் வடிவமும் சமநிலை உறவும் இங்கே கைகோத்தன.

எனினும் ஊர்ப்புறச் சேரிகளில் வாழ்ந்த கிறித்தவரின் குரல் அதுவரை இறையியலில் ஒலிக்கவில்லை. கருநாடக இசைக் கீர்த்தனையும் காவியத் தமிழும் அவர்தம் வாழ்வினின்று தொலைவில் இருந்தன. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாப்பிலசு அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். 1940இல் பிறந்து 2005இல் மறைந்த அவரது சிந்தனையின் நடுவண் நின்றது ‘ஒரே உலை’ என்னும் கருத்து. ஒவ்வொருவரும் கொணர்ந்த அரிசியை ஒரே உலையில் இட்டு, பொங்கியதை அனைவரும் பகிர்ந்துண்பதே திருவிருந்தின் பொருள் என அவர் கற்பித்தார். 1829இல் தஞ்சை எழுப்பிய கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விடை இது. அவ்விடை செருமனியிலிருந்தோ ரோமையிலிருந்தோ வரவில்லை. சேரியின் அடுப்படியிலிருந்து வந்தது.

கடலுக்கு இப்பால்

தமிழகத்தில் இவ்வுணர்வு வளர்ந்துவந்த காலத்திலேயே தமிழர் பினாங்குக்குக் குடிபெயர்ந்து கொண்டிருந்தனர். 1786இல் பிரான்சிசு லைட் அத்தீவைக் கைக்கொண்டது முதல், வணிகராகவும் கூலிகளாகவும் கைதிகளாகவும்கூட அவர்கள் வந்தனர். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேற்றளத்தில் அமர்ந்து நாகையிலிருந்து பினாங்கை அடைந்தோர் எண்ணற்றோர். பயண உருவகம் கொண்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அவர்களுள் கிறித்தவராய் இருந்தோர்க்கு வெறும் உருவகமன்று. வீட்டையும் உற்றாரையும் விட்டுச் சுமையோடு புறப்பட்ட பயணி அவர்களே.

நெடுங்காலம் கத்தோலிக்க வழிபாட்டில் தமிழ் செபமாலையிலும் கீர்த்தனையிலும் மட்டுமே ஒலித்தது. திருப்பலி இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963 திசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் வாயிலாக மக்கள் மொழிகளுக்கு வழிதிறந்தது. அதன்பின் பினாங்குத் தமிழர், திருவிருந்தின் நடுவண் கூறப்படும் சொற்களைத் தம் தாய்மொழியிலேயே கேட்டனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. சர்வேசுரன், தேவன், பராபரன் எனப் பிரிந்து அழைத்தோர் ‘கடவுள்’ என்னும் பொதுச்சொல்லில் ஒன்றுபட்டனர். தேவசிநேகம் இறையன்பாக மாறியது இப்பின்னணியிலேயே. தனித்தமிழ் இயக்கம் சொல்லைத் தந்தது உண்மையே; எனினும் அச்சொல்லுக்குள் பொருளை நிறைத்தது நான்கு நூற்றாண்டு வாழ்வு.

1955இல் அமைந்த பினாங்கு மறைமாவட்டத்துக்கு 1983 முதல் 2012 வரை ஆயராக விளங்கியவர் தமிழரான அந்தோணி செல்வநாயகம். அம்மறைமாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் மெர்த்தாஜாமில், தூய அன்னம்மாள் திருத்தலத்தில், ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 26ஆம் நாளையொட்டிப் பெருவிழா நிகழ்கிறது. தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் திருப்பலிகள் நிறைவேற்றப்படுகின்றன. மெழுகுதிரி ஏந்திய பவனியில் தமிழரும் சீனரும் ஏனையோரும் கலந்து நடக்கின்றனர். கிறித்தவரல்லாதாரும் நேர்ச்சையோடு வருகின்றனர். அன்னம்மாள் மறையில் கூறப்படும் இறைவனுக்குப் பாட்டி முறையினர். அத்திருத்தலத்துக்கு மக்கள் செல்வது, பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குச் செல்வதை ஒக்கும்.

எனினும் பவனி முடிந்தபின் பந்தி எப்படி அமைகிறது என்பதே அன்பின் அளவை. மண உறவிலும் தொழிலிலும் அண்டை வீட்டுப் பழக்கத்திலும் பழைய வேற்றுமைகள் எந்த ஊரிலும் எளிதில் மடிவதில்லை. திருவிழாவில் தோள் உரசி நடந்தோர் மறுநாள் யாரைத் தம் திண்ணையில் அமர்த்துகின்றனர் என்னும் கேள்வி, பினாங்குக்கும் தஞ்சைக்கும் பொது.

கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும்

கிறித்தவத் தமிழிலக்கியம் வகுப்பறையில் பெரும்பாலும் பட்டியலாகவே கற்பிக்கப்படுகிறது. தேம்பாவணி இயற்றியவர் யார், இரட்சணிய யாத்திரிகம் எதன் தழுவல் என்னும் வினா விடைகளோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்நூல்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஒரு மக்கள் கூட்டத்தின் உள்ளம் வளர்ந்த வழி புலப்படும். காவலனாக அறிந்த கடவுளைத் தம்பிரானாக அழைத்தனர், தச்சன் வீட்டுக் குழந்தையாகத் தாலாட்டினர், நாயகனாகப் பாடினர், தமக்காகப் பாடுபட்டவராகக் கண்டு நன்றியால் உருகினர், இறுதியில் ஒரே உலைக்கு முன் அவரைத் தேடினர். ஒவ்வொரு படியிலும் தமிழ் துணைநின்றது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் குறை வெளிப்பட்டது.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், பெத்லகேம் குறவஞ்சியின் இசையையும் 1829ஆம் ஆண்டின் பூசலையும் ஒரே வகுப்பில் கூறத் தயங்கவேண்டுவதில்லை. பாடலின் நயம் குறையாது. அன்பின் பொருளே தெளிவுறும். இது கிறித்தவர்க்கு மட்டும் உரிய பாடமுமன்று. நந்தனைப் புறத்தே நிறுத்திய வழக்கமும், வேறுவேறு பந்தி விரித்த பழக்கமும் தமிழர் அனைவரது வரலாற்றிலும் உள்ளன.

அருள் பெற்ற மூத்தோர் ஒருவரின் நினைவைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது டத்தோ கிராமாட் சாலை. அருள் ஒருவரிடம் இறங்கித் தங்குவது அவர் பெருமைக்காக மட்டுமன்று, பிறரிடம் பெருகிச் செல்லுதற்கே என்பதனை நானூறு ஆண்டுத் தமிழ்க் கிறித்தவ வரலாறும் மெல்லக் கற்றுவந்துள்ளது. இறையன்பு என்னும் சொல் இன்று எல்லார் நாவிலும் எளிதாக வருகிறது. அச்சொல்லின் அகலமும் ஆழமும், பக்கத்தில் இடம் கேட்டு நிற்பவருக்கு ஒதுங்கி இடந்தரும் நாளில்தான் அளக்கப்படும்.